பன்னிரண்டரை இஞ்ச்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு இந்தப் பொட்டலம் மடியில் இருந்தால் போதும். கண்டக்டர் மேலே போடச் சொன்னார். "லக்கேஜ் இல்லைய்யா, பிள்ளைக்குப் போர்வை" என்று சொல்லிவிட்டேன். மேலே போட்டால் யாராவது வாழைத்தாரைத் தூக்கி அதன்மேல் வைப்பார்கள். வாழைக்கறை பட்டால் எதற்கும் போகாது.

சங்கரன்கோவிலா? நானும் அங்கேதான். மகளை அந்த ஊரில் கொடுத்திருக்கிறேன். கொடுத்ததோடு சரி, பிரசவத்துக்குக்கூடத் திருப்பி அனுப்பமாட்டேன் என்கிறார்கள். சிரிக்காதீர்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? உங்கள் பக்கமும் அப்படித்தானே? கலந்த சாதமெல்லாம் கிண்டி எடுத்துக்கொண்டு, வேன் பிடித்து, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வளைகாப்புக்குப் போனோம். போன வேன் பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் வேன் நின்றதும் எல்லா வீட்டு வாசலிலும் ஆள். எதிர்வீட்டுக்காரி ஆரத்தித் தட்டோடு வந்து நிற்கிறாள். "எங்க சுபா?" என்கிறாள். நான் என்ன சொல்ல? "பின்னாடி கார்ல வாரா" என்றேன். இன்றுவரைக்கும் அந்தக் கார் வரவில்லை.

எல்லாம் ஒரு அரை இஞ்சால் வந்தது.

நீங்கள் தைப்பீர்களா? ஜாக்கெட் மட்டும்தானா? அது போதும். உங்களுக்குச் சொன்னால் புரியும். என் வீட்டுக்காரருக்குத்தான் புரியாது.

சுபா கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ஒட்டுத்துணிப் போர்வை. கட்டம் கட்டமாகத் தனித்தனியே தைத்து, பிறகு எல்லாக் கட்டத்தையும் சேர்த்து மூட்டுவது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு நட்சத்திரம். "ரெண்டு வீட்டு ஆளுகளும் ஆளுக்கு ஒரு கட்டம் தச்சுக் குடுத்தா நல்லா இருக்கும்மா. எல்லாரோட பழைய துணியும் அதுல இருக்கணும்" என்றாள். நல்ல யோசனைதான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி குத்தும், பழந்துணிதான் மெத்தென்று இருக்கும். நானும் தலையாட்டினேன். உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "அம்மாதான் சேத்துத் தைக்காங்க" என்று போட்டுவிட்டாள்.

பொறுப்பு என்று என்னிடம் வந்துவிட்டால் நான் விளையாடமாட்டேன். நான் தையல் பரீட்சையில் லோயர் கிரேடு பாஸ். கல்யாணத்துக்கு முன்னாலேயே. குழுவில் குரல் பதிவு போட்டேன். "மூட்டி முடிஞ்ச பிறகு கட்டம் பன்னிரண்டு இஞ்ச் இருக்கணும். தையலுக்குச் சுத்திலும் கால் இஞ்ச் வேணும். அதனால நீங்க அனுப்புத கட்டம் பன்னிரண்டரை இஞ்ச். பன்னிரண்டு இல்லை, பதிமூணு இல்லை, பன்னிரண்டரை." பிறகு இன்னொரு தடவை போட்டேன். மறுநாள் காலையில் இன்னொரு தடவை. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அவங்களுக்கெல்லாம் காது நல்லாத்தான் கேக்கும்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

எல்லோரும் கட்டைவிரல் பொம்மை போட்டார்கள். சம்பந்தியம்மா பரிபூரணம் கைகூப்பின பொம்மை போட்டார்.

முதலில் வந்தது என் தங்கச்சி தமயந்தியின் கட்டம், சாத்தூரிலிருந்து. பிரித்து மேசையில் விரித்து டேப்பை வைத்தேன். பதின்மூன்று. எனக்கு எப்படி இருக்கும்? போனைப் போட்டேன்.

"ஏட்டி, எத்தனை தடவை சொன்னேன்? பதிமூணு இருக்கு."

"இல்லைக்கா. பன்னிரண்டரைதான். அளந்துதானே அனுப்பினேன்."

"நான் டேப்பைக் கையில வச்சுக்கிட்டுப் பேசுதேன்."

"நானுந்தான் வச்சு அளந்தேன்."

"அப்ப உன் டேப் பொய் சொல்லுதா?"

"நான் ஏன்க்கா டேப்பைச் சொல்லப்போறேன்" என்று வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய்.

சரி, தங்கச்சிதானே என்று விட்டேன். அடுத்து சங்கரன்கோவிலிலிருந்து மூன்று கட்டம் வந்தது. சம்பந்தியம்மா ஒன்று, அவருடைய பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று. மூன்றும் பதின்மூன்று. தென்காசியிலிருந்து என் நாத்தனார் அனுப்பினாள். பதின்மூன்று. நீங்களே சொல்லுங்கள். ஒருத்தி தப்புச் செய்யலாம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு, எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி அதே அரை இஞ்ச் தப்பு! கவனக்குறைவு என்பது ஜனங்களிடம் எவ்வளவு பரவிவிட்டது என்று பாருங்கள்.

என் வீட்டுக்காரர் கேட்கிறார், "எல்லாரும் ஒண்ணு போலவா தப்புப் பண்ணுவாங்க? வேற டேப் வச்சுத்தான் பாரேன்."

நான் சொன்னேன், "ஊரே தப்பா அளந்தா, சரியா அளக்கிறவ டேப்பை மாத்தணுமா?"

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பதில் இல்லையென்றால் பேப்பர்.

என் டேப் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். அதை வைத்து அளந்தால் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரரைப் பற்றி எல்லோரும் துணியை இழுத்துப் பிடித்து அளக்கிறார் என்று குறை சொல்வார்கள். எனக்கு மட்டும் எப்போதும் கூடத்தான் கிழித்துத் தருவார். வீட்டுக்கு வந்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட இருக்கும். தையல் தெரிந்தவள் என்ற பயம்தான், வேறென்ன? ஆனால் பொருள் செய்கிறவர்களிடம் நேர்மை இல்லை. போன தீபாவளிக்கு இரண்டு தலையணை வாங்கினேன். அட்டையில் அளவு போட்டிருந்தது. அந்த அளவுக்கு அப்படியே உறை தைத்தேன். தலையணை உள்ளே போகமாட்டேன் என்கிறது! முழங்காலை வைத்து அமுக்கினேன். பஞ்சை அளவுக்கு மேல் அடைத்திருக்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்ல?

எதில் விட்டேன்? ஆ, கட்டம். எல்லாரும் தப்பாகவா அனுப்பினார்கள் என்றால், இல்லை, ஒருத்தி சரியாக அனுப்பினாள். என் கொழுந்தன் பெண்டாட்டி ராஜகனி. சோம்பேறி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவள் கட்டத்தில் டேப்பை வைத்தேன். அச்சாகப் பன்னிரண்டரை. ஒரு நூல் கூட இல்லை, குறைவும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போன் பண்ணி, "எங்க குடும்பத்துல நீ ஒருத்திதான்டி பொம்பளை" என்றேன்.

"ஐயோ அக்கா, கேலி பண்ணாதீங்க. துணி பத்தலை. அரை இஞ்ச் குறைச்சுச் சின்னதாத்தான் தச்சேன். கோவிச்சுக்கிடாதீங்க" என்கிறாள்.

அடக்கத்தைப் பார்த்தீர்களா? வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பிறகென்ன, கத்தரியை எடுத்தேன். திருப்பி அனுப்பி மறுபடி தையுங்கள் என்று சொல்ல நாள் இல்லை, வளைகாப்பு நெருங்கிவிட்டது. நீளத்தில் அரை, அகலத்தில் அரை என்று எல்லாக் கட்டத்தையும் வெட்டி அளவுக்குக் கொண்டுவந்தேன். எண்ணிக்கைக்குக் குறைந்த கட்டங்களை நானே தைத்தேன். மூட்டினேன். மூட்டும்போது நட்சத்திரத்தின் முனையெல்லாம் தையலுக்குள்ளே போய்விட்டது. மொட்டை நட்சத்திரம். ராஜகனியுடையதிலும் என்னுடையவற்றிலும்தான் முனை நிற்கிறது. அதிலேயே தெரியவில்லையா யார் சரி, யார் தப்பு என்று?

சம்பந்தியம்மாவின் கட்டத்துக்கு வருகிறேன். அதுதான் விஷயம். அது வெள்ளை வேட்டித்துணி. சம்பந்தி தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய கல்யாண வேட்டியை எடுத்து வெட்டித் தைத்திருந்தார் அந்த அம்மா. நடுவில் நட்சத்திரம். ஒரு ஓரத்தில் அந்த வேட்டியின் பச்சைக் கரை. மெல்லிசு, கால் இஞ்ச் இருக்கும். தையலுக்குக் கால் இஞ்ச் விட்டு, அதை ஒட்டி அந்தக் கரை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கரையைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தது யார்? நடுவில் வைத்திருந்தால் நான் தொடப்போகிறேனா? அளவு கூட இருக்கிறது, வெட்டியாக வேண்டும். மற்றப் பக்கங்களில் நட்சத்திரத்தின் முனை இடிக்கிறது. இந்தப் பக்கம்தான் வெறும் கரை. வெட்டினேன். கரை முழுவதும் துண்டோடு வந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? என்ன சொல்ல? "மதினி, நீங்க தப்பா அளந்துட்டீங்க"ன்னா? மனசு நோகுமே என்றுதான் சொல்லவில்லை.

வளைகாப்பு அன்றைக்கு வளையல் அடுக்கி முடித்த கையோடு போர்வையைச் சுபாவின் மடியில் விரித்தேன். பொம்பளைகள் எல்லாம் வந்து தடவிப் பார்க்கிறார்கள். "இது எங்க அம்மா சேலை", "இது அத்தையோட சுங்குடி" என்று ஒரே சிரிப்பு. சுபா முகத்தைப் பார்க்கணும் நீங்கள். அப்போது பரிபூரணத்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். தன் கட்டத்தைத் தேடிப் பிடித்தார். விரலை வைத்து ஓரத்தை நீவிக்கொண்டே வந்தார். ஒரு பக்கம், மறு பக்கம். திரும்பவும் ஒரு தடவை.

"மதினி, இங்க ஒரு பச்சைக் கரை இருந்துச்சே."

"அது அளவுக்கு மேல இருந்துச்சு மதினி. வெட்டிட்டேன்."

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பாயாசம் எடுத்து வைக்கேன்" என்று உள்ளே போனார். போனவர் வெளியே வரவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். பேசாமல் போனால் நான் எதற்குப் பதில் சொல்ல? கூடத்தில் அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். அந்த வீட்டு மூத்த பெண் மட்டும், "அப்பா கரை போச்சா?" என்றாள். சின்னவள் அவளை இடித்தாள்.

அந்த இடத்தில் நான் விளக்கம் சொல்லியாக வேண்டுமா இல்லையா? சொன்னேன். "நான் என்ன வேணும்னா வெட்டினேன்? பன்னிரண்டரைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒருத்தருக்காவது டேப் பாக்கத் தெரிஞ்சிருக்கா? என் தங்கச்சிக்கும் தெரியலை, உங்களுக்கும் தெரியலை. ராஜகனி ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருக்கு." என் சொந்தத் தங்கச்சியையும் சேர்த்துத்தானே சொன்னேன்? ஓரவஞ்சனை ஏதும் உண்டா? ராஜகனி அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டாள், வெட்கம்.

"அம்மா, போதும்" என்றாள் சுபா.

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"உண்மையாவே இருக்கட்டும். போதும்."

மாப்பிள்ளை முத்துராஜ் தாம்பூலத் தட்டோடு நடுவில் வந்து நிற்கிறார். "அத்தை, வெயிலுக்கு முன்னாடி கிளம்பணும்லா, முதல்ல சாப்பிடுங்க" என்கிறார். தங்கமான பிள்ளை. ஆனால் சுபா எழுந்துவிட்டாள். அந்த வயிற்றோடு, கை நிறைய வளையலோடு, போர்வையை மடித்தாள். நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இதை நீயே கொண்டு போ. நான் இங்கயே பிரசவம் பாத்துக்கிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெட்டியை எடுத்து வேனில் வைத்தேன். மாப்பிள்ளை பெட்டியை எடுத்துத் திரும்ப வீட்டுக்குள் வைக்கிறார். "நான் பேசுதேன் அத்தை, நீங்க கிளம்புங்க" என்று காதில் சொல்கிறார். உள்ளே போய்ச் சம்பந்தியம்மாவிடம் கேட்டேன், "என்ன மதினி, பிள்ளையை அனுப்பமாட்டீங்களா?" அந்த அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் யாரையும் போகாதேன்னு சொல்லலை மதினி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

வீட்டில் எல்லாம் தயாராக இருக்கிறது, தெரியுமா? அவள் அறைக்கு வெள்ளையடித்து, கொசுவலை மாட்டி, பிரசவ மருந்துக்குச் சாமான் எல்லாம் இடித்துச் சலித்து பாட்டிலில் வைத்திருக்கிறேன். ஒரே பிள்ளை. அந்த அறைக் கதவைத் தினமும் திறந்து வைப்பதும் நான்தான், சாத்துவதும் நான்தான். என் வீட்டுக்காரர் மருந்து பாட்டிலைப் பார்த்து, "அதை எடுத்துட்டு அங்க போயிருந்து பிரசவம் பாத்துட்டு வா" என்கிறார். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து நான் மருந்து கிண்டணுமா? வாசலில் நின்று கேட்கிறாளே எதிர்வீட்டுக்காரி, அவளுக்கு யார் பதில் சொல்வது?

முந்தாநாள் சுபா போன் பண்ணினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயம்.

"அம்மா, வா. போர்வையையும் எடுத்துட்டு வா. எல்லாரையும் வச்சுக்கிட்டு அளந்துருவோம். மூட்டின கட்டம் நீ சொன்ன மாதிரி பன்னிரண்டு இஞ்ச் இருந்தா, அன்னைக்கே உன்கூடக் கிளம்பி வந்துருதேன். எங்க அத்தையும் சரின்னு சொல்லிட்டாங்க."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா நீ எங்க அத்தைகிட்ட மன்னிப்புக் கேளு. ஒரு வார்த்தை."

"அது நடக்காது."

"எதும்மா நடக்காது?"

"அளவு தப்பாது" என்றேன். போனை வைத்ததும் எனக்குச் சாமி கும்பிடத் தோன்றியது. இதைவிட நல்ல வழி ஏது? பேச்சு வேண்டாம், சண்டை வேண்டாம். டேப்பைப் போடு, எண்ணைப் பார். சாயங்காலம் பிள்ளையோடு கோவில்பட்டியில் இறங்குவேன். எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், ஆரத்தி கரைத்து வை என்று.

பொட்டலம் கட்டியிருக்கிறதைப் பார்க்கிறீர்களா? கயிறு தேடினேன், கிடைக்கவில்லை. வெட்டின துண்டுகளையே பின்னித் திரித்துக் கட்டிவிட்டேன். நான் எதையும் வீணாக்கமாட்டேன். தமயந்தி சேலை இது, இது நாத்தனாருடையது. இந்தப் பச்சையா? அதுதான் அந்தக் கரை. நல்ல கெட்டித் துணி, எப்படி இழுத்தாலும் அறாது. அதனால்தான் முடிச்சுக்கு அதைப் போட்டேன்.

ஏன் ஒரு மாதிரி பார்க்கிறீர்கள்?

டேப்பா? கொண்டுவராமல் இருப்பேனா? கைப்பையில்தான் இருக்கிறது, பொட்டலத்தைக் கொஞ்சம் உங்கள் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தாருங்கள், பாருங்கள். என் உள்ளங்கையிலேயே தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

முனையா? முனையில் தகடு இருந்தது. இரண்டு மூன்று தீபாவளிக்கு முன்னால் அது விழுந்துவிட்டது. அதன் பிறகு பிசிறு பிசிறாகத் தொங்கியது. எனக்குப் பிசிறு கண்ணில் பட்டால் ஆகாது. நானே நேராக வெட்டிவிட்டேன். அரை இஞ்ச் இருந்தால் அதிகம். ஆமாம், ஒன்று என்கிற எண் முனைக்குக் கிட்டவே வருகிறது. அதனால் என்ன? பன்னிரண்டு இருக்கிற இடத்தில் பன்னிரண்டு இருக்கிறதா இல்லையா? எண்ணில் ஒன்றுகூட அழியவில்லை, பாருங்கள்.

ஆனால் நீங்கள் பார்க்கிற பார்வையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீங்களே இப்படி முனையைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், அவர்கள் பார்க்கமாட்டார்களா? அந்த மூத்தவள் சும்மா இருப்பாளா? "பிய்ஞ்ச டேப்பைக் கொண்டாந்து அளக்காங்க" என்பாள். எதற்கு அந்தப் பேச்சு? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் சாமான் கடை இருக்கிறதா? இருக்கிறதா, நல்லதாகப் போயிற்று. இறங்கினதும் புதுசு ஒன்று வாங்கிவிடுகிறேன். தகடு வைத்தது, பிரிக்காதது. அவர்கள் முன்னாலேயே பிரித்து, சம்பந்தியம்மா கையிலேயே கொடுத்து, "நீங்களே அளங்க மதினி" என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் யார் வாய் திறப்பார்கள்?

ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? இதையே கொண்டுபோகவா? இதை வைத்தே அளக்கவா? உங்களுக்கு நல்ல மனசு, நான் எங்கே செலவு செய்கிறேனோ என்று பார்க்கிறீர்கள். கையை விடுங்கள், பரவாயில்லை. என் பிள்ளை விஷயம். இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கக்கூடாது.

அதோ, கோபுரம் தெரிகிறது. அந்தப் பொட்டலத்தை இப்படிக் கொடுங்கள். பச்சை முடிச்சைப் பிடிக்காதீர்கள், கீழே கையைக் கொடுத்துத் தூக்குங்கள்.

டேப்பை ஏன் திருப்பித் தருகிறீர்கள்? வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் தைப்பேன் என்றீர்களே. புதுசு வாங்கின பிறகு எனக்கு எதற்கு இரண்டு? கூச்சப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். முனை மட்டும்தான் இல்லை. மற்றபடி ஒரு நூல் பிசகாது.